வந்தாறுமூலையில் தலைமையும் சமூகமும்: ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் வரலாற்றை நோக்கும் முறை பற்றி

கல்வி நிறுவனம் ஒன்றின் வரலாற்றை அதன் தலைவர்களின் வரிசையாக எழுதும் வழக்கம் ஈழத்தில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நூற்றாண்டு மலர்களையும் வெள்ளிவிழா மலர்களையும் புரட்டுவோர், அதிபர்களின் உருவப்படங்களையும் அவரவர் பதவிக்கால ஆண்டுகளையும் அக்காலத்தில் எழுந்த கட்டடங்களின் விவரங்களையும் ஒரே ஒழுங்கிற் காண்பர். தலைமை மாறியபோது காலமும் மாறியது என்ற எண்ணம் இம்முறையின் அடியில் உள்ளது. ஒரு மிஷன் சங்கமோ ஒரு முகாமைக் குழுவோ இடையறாது நடத்திய கல்லூரிகளுக்கு இம்முறை ஓரளவு பொருந்தலாம். மட்டக்களப்பு வாவியை அண்டி வந்தாறுமூலையில் எழுந்த நிறுவனத்திற்கு இது பொருந்தாது. பாடசாலை வளவொன்றிலிருந்து பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் பின்னர் பல்கலைக்கழகமாகவும் அந்நிறுவனம் வளர்ந்த காலமெல்லாம் தலைமைப் பதவி மேலிருந்தே அருளப்பட்டது. நெருக்கடி நேர்ந்த வேளைகளில் நிறுவனத்தைத் தாங்கியோரோ பெரும்பாலும் அப்பதவிக்கு வெளியே நின்றோராவர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையே இக்கட்டுரையில் நாம் அளந்து பார்க்க முற்படுகின்றோம்.

முதலில் இடம் பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகும். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகரை நோக்கி வரும் பெருந்தெருவில் கிரான், சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி, மாவடிவேம்பு என்னும் ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றைத் தொடர்வது வந்தாறுமூலை. அதற்கப்பால் செங்கலடியும் ஏறாவூரும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில், சிலவிடங்களில் அடுத்தடுத்த வீதிகளில், வாழும் நிலப்பகுதி இது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் விரிந்து கிடக்கின்றன. நிலவுடைமையாளரான போடிமாரும், அவர்தம் வயல்களில் உழைத்தோரும், வாவியிலும் கடலிலும் தொழில் செய்தோருமே நெடுங்காலம் இங்கு சமூகத்தின் பிரதான கூறுகளாயிருந்தனர். 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் அரச காகித ஆலை இயங்கத் தொடங்கியபோதுதான் மாதச் சம்பளம் பெறும் கைத்தொழிலாளர் வர்க்கமொன்று இப்பகுதியிற் கணிசமான அளவில் உருவாயிற்று. வயலில் எஞ்சும் வைக்கோல் அவ்வாலைக்கு மூலப்பொருளாயிற்று. இப்பகுதியின் நவீன வரலாற்றில் அரசு நேரடியாகத் தோற்றுவித்த பெருநிறுவனங்களுள் ஒன்று அவ்வாலை. மற்றொன்று நாம் இங்கு கருதும் உயர்கல்வி நிறுவனம். இரண்டும் கொழும்பிலெடுக்கப்பட்ட தீர்மானங்களின் விளைவுகள் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மட்டக்களப்பில் நவீன கல்வி நகரைச் சார்ந்தே தொடங்கியது. வெஸ்லியன் மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் மூலம் அதுவே. பின்னர் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியும், சுவாமி விபுலாநந்தர் கல்லடியில் எழுப்பிய சிவானந்த வித்தியாலயமும் தோன்றின. இவை யாவும் நகரையும் அதன் அயலையும் சார்ந்தவை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்றார். நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு முதற் தமிழ்ப் பேராசிரியரை அளித்த பிரதேசம் தனக்கென ஓர் உயர்கல்வி நிறுவனத்தைப் பெறுவதற்கு மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

நகருக்கு வெளியே கல்வி சென்றமைக்குக் கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தங்களே வழிவகுத்தன. 1940களில் நாடெங்கும் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகள், கிராமப்புறத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வியை, புலமைப்பரிசிலும் விடுதி வசதியும் அளித்து, எட்டச் செய்தன. வந்தாறுமூலைக்கு அத்தகைய பாடசாலை கிடைத்தமையில் வி. நல்லையாவின் பங்கு பெரிது. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்குமாறு ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசாங்க சபையிற் கொணர்ந்த பிரேரணைக்குத் தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் முன்மொழிந்தவர் அவரே. 1947இல் கல்குடாத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினராகவும் அவர் தெரிவானார். மக்கள் அவரை 'நல்லையா மாஸ்டர்' என்றே வழங்கினர். பதவிப் பெயர்களை விட்டுத் தொழிற்பெயரால் ஓர் அரசியல்வாதியை ஊர் நினைவு கொள்வது அத்துணை எளிதில் நிகழ்வதன்று.

வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திற் பயின்று வெளியேறியோர் கிழக்கின் ஆசிரியத் தொழிலிலும் அரச சேவையிலும் கலை இலக்கியத்திலும் பரவினர். பிற்காலத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கிய சி. மௌனகுருவும் இப்பாடசாலையின் மாணவரே. பேராதனையில் சு. வித்தியானந்தன் 1960களில் மேற்கொண்ட கூத்து மீட்டெடுப்பு முயற்சிகளில், 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய தயாரிப்புக்களில், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் ஆட்டமரபைச் சுமந்து சென்றோருள் அவரும் ஒருவர். கிராமத்தின் கலை, மத்திய பாடசாலை என்ற வாயிலின் ஊடாகப் பல்கலைக்கழகத்தை அடைந்தது எனலாம்.

தமிழர்க்கெனப் பல்கலைக்கழகம் எங்கு அமைய வேண்டும் என்ற வாதம் 1950களிலிருந்தே நடந்து வந்தது. திருகோணமலையை வேண்டியோரும் யாழ்ப்பாணத்தை வேண்டியோரும் எதிரெதிரே நின்றனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதோடு வாதம் ஒருவாறு ஓய்ந்தது. மட்டக்களப்பு அவ்வாதத்தில் ஒரு தரப்பாகக் கூடக் கருதப்படவில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழகம் என்ற நிலைக்கு முந்திய படியாகப் 'பல்கலைக்கழகக் கல்லூரி' என்னும் அமைப்புக்கு இடமளித்தது. தெற்கே மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகக் கல்லூரி அதே ஆண்டில் உருவாயிற்று. கிழக்கில் அவ்வமைப்பு வந்தாறுமூலையில், மத்திய மகா வித்தியாலய வளவில், 1981 ஆகஸ்ட் 1ஆந் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் தோன்றியது. விஞ்ஞானமும் விவசாயமும் முதலிற் கற்பிக்கப்பட்டன.

இதனைச் சாதித்தவராக 1965 முதல் கல்குடாத் தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தி வந்தவரும், ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தில் அமைச்சராயிருந்தவருமான கே. டபிள்யூ. தேவநாயகம் குறிப்பிடப்படுகின்றார். இது நியாயமே. ஆயினும் இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் கவனிக்கத் தவறலாகாது. பாடசாலையும் கல்லூரியும் ஆகிய இரண்டும், கொழும்பு ஆட்சியாளரோடு உறவு பேணிய தொகுதிப் பிரதிநிதிகளின் செல்வாக்கினாற் கிடைத்தவை. தமிழர் அரசியலின் பிரதான நீரோட்டம் எதிர்க்கட்சி வரிசையில் நின்ற காலத்தில், கல்குடா ஆளுங்கட்சியாரைத் தெரிந்து, அதன் பயனாகப் பாடசாலைகளும் தெருக்களும் தொழில்களும் பெற்றது. இதனைத் துரோகம் என்று தூற்றியோரும் இருந்தனர், சாதுரியம் என்று போற்றியோரும் இருந்தனர். நிலமும் கல்வியும் அற்ற கிராமத்து மக்கள் தமக்குக் கிடைத்த ஒரே வழியைப் பயன்படுத்தினர் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் செல்வாக்கினாற் பெறப்பட்ட நிறுவனம் செல்வாக்கின் மையத்தையே நோக்கி நிற்கும் என்பதும் இதன் மறுபக்கமாகும்.

சட்டத்தின் அமைப்பும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உபவேந்தரை மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பவர் ஜனாதிபதி. பேரவை மூவரின் பெயர்களை முன்மொழியும். மானியங்கள் ஆணைக்குழு பரிந்துரைக்கும். ஒருவரை ஜனாதிபதி தெரிவார். பேரவையிலோ ஆணைக்குழுவால் நியமிக்கப்படும் வெளியாரே பெரும்பான்மையினர். ஆசிரியர்க்கு மூதவையின் வழியாக ஓரளவு குரல் உண்டு. மாணவர்க்கும் ஊழியர்க்கும், நிறுவனம் அமைந்துள்ள ஊரவர்க்கும், தலைமையைத் தெரிவதில் எவ்வித இடமும் இல்லை.

வெளியூர்த் தலைமைக்குக் கட்டுப்பட்ட கல்லூரி என்பது ஈழத் தமிழர்க்குப் புதிய அனுபவமன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளின் மாதிரியில், இலக்கியமும் கணிதமும் வானசாஸ்திரமும் தத்துவமும் ஒருங்கே புகட்டிய கலைக்கல்லூரியாக விளங்கியது. டானியல் பூவரும் அவருக்குப் பின் ஹென்றி ஹொய்சிங்டனும் அதன் தலைவராயிருந்தனர். எனினும் அதன் விதியைத் தீர்மானித்தது பொஸ்ரன் நகரிலிருந்த மிஷன் சங்கமே. சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்வையிட்டதன் பின்னர் செமினரி மூடப்பட்டது. அதனைத் தமதெனக் கொண்ட பழைய மாணவர்களும் அயலவரும் ஓயவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தமைக்கு அவர்களது முயற்சி முக்கிய காரணமாயிற்று. கடல்கடந்த சபை ஒன்று மூடியதை உள்ளூர்ச் சமூகம் மீட்டெடுத்த இவ்வரலாறு, வந்தாறுமூலையை விளங்கிக்கொள்ள நமக்கு உதவும்.

1986 ஒக்ரோபர் 1ஆந் திகதி பல்கலைக்கழகக் கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. பணிப்பாளர் என்ற பதவி நீங்கி உபவேந்தர் என்ற பதவி வந்தது. யுத்தம் மூண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு இந்தியப் படை வந்தது. 1990 மார்ச்சில் வெளியேறியது. ஜூனில் அரசாங்கத்திற்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் வெடித்தது.

அந்த ஆண்டின் கோடையில் இத்தெருவோரத்தில் நிகழ்ந்தவற்றை ஒருதலைப்பட்சமாக நினைவுகூர்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே அதனைச் செய்தனர் என்பதே பொதுவாக நிறுவப்பட்ட முடிவு. ஏறாவூர், பல்கலைக்கழக வாயிலிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது. செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அதன் அயலூர்களிலும் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தமிழ் மக்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட, இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். இவ்விரு கொடுமைகளுக்கும் இடைப்பட்ட நாளொன்றிலேதான் பல்கலைக்கழக வளவில் நாம் கூறவரும் நிகழ்ச்சி இடம்பெற்றது.

இராணுவ நடவடிக்கைகளுக்கு அஞ்சி, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான மக்கள் வந்தாறுமூலை வளவினுட் புகுந்திருந்தனர். விரிவுரைகள் நின்றுபோயின. விரிவுரை மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் மரநிழல்களும் அகதிகளின் உறைவிடமாயின. முகாமை நடத்தும் பொறுப்பு அங்கு எஞ்சியிருந்த பல்கலைக்கழக ஆசிரியர் சிலரின் தோள்களில் வீழ்ந்தது. உணவு, நீர், நோயாளர், பிரசவம், படையினரோடு பேச்சு ஆகிய யாவும் அவர்களது பணியாயின. எந்தச் சட்டமும் அவர்களுக்கு இத்தலைமையை வழங்கவில்லை. அவர்களுள் ஒருவர் தாவரவியலாளரான த. ஜெயசிங்கம், அவரே பல ஆண்டுகளின் பின் இப்பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் பதவி வகித்தார்.

1990 செப்டெம்பர் 5ஆந் திகதி படையினர் முகாமுக்கு வந்து, அகதிகளை வரிசையில் நிறுத்தி, 158 பேரைத் தெரிந்து கொண்டு சென்றனர். அவர்களில் எவரும் மீளவில்லை. அம்மாதப் பிற்பகுதியில் மேலும் சிலர் கொண்டு செல்லப்பட்டனர். தம் பிள்ளைகளும் கணவன்மாரும் எங்கே என்று கேட்ட பெண்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. 1994இல் அமைக்கப்பட்ட, நீதியரசர் பாலகிட்ணரின் தலைமையிலான வடக்கு கிழக்கு ஆணைக்குழுவின் முன் இந்நிகழ்ச்சி பற்றிய சாட்சியம் பதிவாயிற்று. இத்தனை பேர் இங்கிருந்து கொண்டு செல்லப்பட்டமையை ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. அதற்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

போரின் நடுவிலும் பல்கலைக்கழகம் மீண்டும் இயங்கியது. அதன் மீள்வில் கலை கலாசார பீடத்தின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. யாழ்ப்பாணத்திலிருந்து 1990களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்த மௌனகுரு நுண்கலைத்துறையைக் கட்டியெழுப்பினார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்கள் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்க்குக் கற்பிக்கச் செய்தமையும், நாடக விழாக்களை நடத்தியமையும், கிராமத்தை மேடையேற்றும் பழைய முறையினின்று வேறுபட்டவை. சித்திரலேகா மௌனகுரு பெண்ணிலை நோக்கிலான இலக்கிய ஆய்வைத் தமிழ்த்துறையில் வேரூன்றச் செய்தார். சி. ஜெயசங்கர், கூத்து மரபை அதன் ஆட்டக்காரர்களே மீளாய்வு செய்து மாற்றியமைக்கும் முயற்சியைச் சீலாமுனையில் முன்னெடுத்தார். சாதி, பால் வேறுபாடுகளைக் கூத்துப் பிரதிகள் எவ்வாறு சுமந்து வந்தன என்ற வினாவை ஆடுவோரே எழுப்பத் தொடங்கினர். உபவேந்தர் யார் என்ற வினாவோடு இவ்வளர்ச்சிக்கு அதிக தொடர்பில்லை. பல்கலைக்கழகத்தின் அறிவுத் தலைமை பல துறைகளிற் பரவியிருந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இதே காலத்தில் நேர்ந்த இழப்பொன்றையும் மறைத்தல் கூடாது. 1990இன் பின் முஸ்லிம் மாணவரும் ஆசிரியரும் வந்தாறுமூலையில் அச்சமின்றி இருக்கும் நிலை இல்லாதொழிந்தது. எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 ஒக்ரோபரில் ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதற்கு இது உடனடிக் காரணமாயிற்று. 1996இல் அதுவும் பல்கலைக்கழகமாயிற்று. அம்பாறை மாவட்ட மக்களுக்கு அந்நிறுவனம் பெரும் நன்மை செய்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வளவில் கற்க இயலாது போன சூழலிலிருந்து அது பிறந்தது என்பதும் உண்மையே. வாவியோரத்துப் பல்கலைக்கழகமொன்று ஓட்டமாவடிக்கும் ஏறாவூருக்கும் உரியதாயிருக்கத் தவறிய அளவில், அது தன் சமூகத்தின் ஒரு பாதியை இழந்தது என்றே நாம் மதிப்பிடுகின்றோம். பின்னைய ஆண்டுகளில் முஸ்லிம் மாணவரும், சிங்கள மாணவரும் மீண்டும் இங்கு வந்து பயிலத் தொடங்கியமை மகிழ்ச்சிக்குரியது.

தலைமைப் பதவியே வேட்டைக்குரிய பொருளாகிய ஆண்டு 2006. கிழக்கில் விடுதலைப் புலிகள் இயக்கம் 2004இற் பிளவுண்டதன் பின்னர், பொது நிறுவனங்கள் யாவும் ஆயுதந் தாங்கியோரின் போட்டிக்குட்பட்டன. 2006 செப்டெம்பர் 30ஆந் திகதி கலை கலாசார பீடாதிபதி பாலசுகுமார் மட்டக்களப்பிற் கடத்தப்பட்டார். உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் பதவி விலக வேண்டும் என்பது கடத்தியோரின் கோரிக்கை. இரவீந்திரநாத் இராஜிநாமாக் கடிதத்தை அனுப்பினார். பீடாதிபதி சில நாட்களின் பின் விடுவிக்கப்பட்டார். மானியங்கள் ஆணைக்குழுவோ இராஜிநாமாவை ஏற்காது, கொழும்பிலிருந்தவாறே கடமையைத் தொடரும்படி உபவேந்தரைக் கேட்டுக்கொண்டது. 2006 டிசம்பர் 15ஆந் திகதி, கொழும்பின் உயர் பாதுகாப்பு வலயத்தினுள், இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு அமர்வுக்குச் சென்றிருந்த அவர் காணாமற்போனார். இன்றுவரை அவர் பற்றிய செய்தி இல்லை.

இந்நிகழ்ச்சியைத் தனியொருவரின் அவலமாக மட்டும் நோக்கின் அதன் அமைப்புசார் பொருள் புலப்படாது. தன்னை நியமித்த அதிகாரத்திடம் விலகல் கடிதத்தைக் கையளித்த ஒருவரை, விலக அனுமதிக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. ஊரிலிருந்து பிரிக்கப்பட்டு, தலைநகரில் ஓர் அறையிலிருந்து பல்கலைக்கழகத்தை நடத்தும்படி வைக்கப்பட்டார். 1990இல் வளவினுள் இருந்த ஆசிரியர்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை என்பது மெய். ஆயினும் அவர்களைச் சூழ மக்கள் இருந்தனர். 2006இல் உபவேந்தரைச் சூழ எவரும் இல்லை. அக்காலத்தில் வாகரையிலிருந்து போரினால் விரட்டப்பட்ட மக்கள் வாழைச்சேனை, கிரான் பகுதிகளில் மீண்டும் அகதிகளாகக் குவிந்து கொண்டிருந்தனர்.

யுத்தம் 2009இல் முடிந்தது. அதன் பின்னரும் தலைமை நெருக்கடிகள் தீரவில்லை. 2015இல் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் உபவேந்தர் உமா குமாரசுவாமி 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்ற பெயரில் பொறுப்பேற்க நேர்ந்தது. பேரவையையும் மூதவையையும் கடந்து நிறுவனம் ஒன்றைத் தனியொருவர் கையில் ஒப்படைக்கும் இவ்வேற்பாடு, நல்லவர் கையில் நன்மை பயக்கலாம். எனினும் பல்கலைக்கழகச் சுயாட்சி எத்துணை மெலிந்தது என்பதை அது வெளிப்படையாகவே காட்டிவிடுகின்றது. இதற்கிடையில் நிறுவனம் விரிந்தது: திருகோணமலை வளாகம், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், மருத்துவக் கல்விக்கான பீடம் ஆகியன அதன் பகுதிகளாயின.

ஆண்டுதோறும் செப்டெம்பர் 5ஆந் திகதி, காணாமற்போன 158 பேரின் உறவினர் வந்தாறுமூலையில் ஒன்றுகூடி விளக்கேற்றுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் முதிய பெண்கள். தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது. ஆணைக்குழுவின் முன் அவர்கள் அளித்த சாட்சியங்கள் அரச ஆவணங்களிடையே உள்ளன. அச்சாட்சியங்களின் பிரதிகளைத் திரட்டி, முகாமை நடத்திய ஆசிரியர்களின் குறிப்புகளையும், இன்னும் உயிரோடிருக்கும் உறவினரின் வாய்மொழிகளையும் அவற்றோடு சேர்த்து, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தனித் தொகுப்பாகப் பேணுவது வரலாற்றுத்துறைக்கும் தமிழ்த்துறைக்கும் இயலாத காரியமன்று. ஏறாவூர் மக்களின் 1990ஆம் ஆண்டு நினைவுகளும் அத்தொகுப்பில் இடம்பெறுதல் வேண்டும். கிரானிலும் சித்தாண்டியிலும் ஏறாவூரிலுமிருந்து இன்று இங்கு கற்க வரும் மாணவர்களே இப்பணிக்கு மிகவும் தகுதியானவர்கள். கேட்க வேண்டியவர்களின் வீடுகளை அவர்கள் அறிவார்கள்.